கணினி படிக்கப் போகிற பெண்ணுக்கு நாவலும் நாடகமும் எதற்கு?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் பதினோராம் வகுப்பு. கல்லூரியில் கணினி அறிவியல்தான் படிக்கப் போகிறாள். ஆனால் அடுத்த ஆண்டுக்கு ஏபி இங்கிலீஷ் லிட்டரேச்சர் (பள்ளியிலேயே படிக்கிற கல்லூரித் தர ஆங்கில இலக்கியப் பாடம்) வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். அந்த இடத்தில் இன்னொரு அறிவியல் பாடம் எடுக்கலாமே என்றால் வீட்டில் சண்டை.

பதில்: எடுக்கட்டும் சார். யாரும் சொல்லாமல் அவளாகவே கேட்கிறாள், அதுவே பெரிய விஷயம்.

இந்தப் பாடம் வேலை வாங்கித் தரும் என்று நான் சொல்ல மாட்டேன். தராது. ஆனால் நீங்கள் நினைப்பது போல இது கதைப் புத்தகம் படித்துப் பொழுதுபோக்குகிற வகுப்பும் இல்லை. நாம் ஊரில் துணைப்பாடத்துக்குக் கோனார் உரையைப் புரட்டி, கதைச்சுருக்கத்தை உருப்போட்டு எழுதிவிட்டு வந்தோம். இங்கே கதைச்சுருக்கம் எழுதினால் மதிப்பெண் தேறாது.

தேர்வு மூன்று மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்தில் 55 கொள்குறி வினாக்கள், அதற்கு 45 சதவீதம். மீதி இரண்டு மணி நேரத்தில் 3 கட்டுரைகள். ஒன்று கவிதை பற்றி, இன்னொன்று உரைநடைப் பகுதி பற்றி. இரண்டும் வினாத்தாளிலேயே இருக்கும். மூன்றாவதற்குத்தான் அவள் முழுதாகப் படித்த ஒரு நாவலோ நாடகமோ கைகொடுக்க வேண்டும். கட்டாய நூல் பட்டியல் எதையும் ஏபி தேர்வை நடத்துகிற காலேஜ் போர்டு வைத்திருக்கவில்லை. வகுப்பில் எதைப் படிப்பது என்பதை ஆசிரியரே முடிவு செய்கிறார்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் 6 புள்ளிகள். தன் வாதம் என்ன என்று தெளிவாகச் சொன்னால் 1. பிரதியிலிருந்து சான்று காட்டி, அது எப்படி வாதத்தைத் தாங்குகிறது என்று விளக்கினால் 4 வரை. பார்வையில் ஆழம் தெரிந்தால் கடைசி 1. அந்த நாலில்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். பள்ளியில் நாம் எழுதிய ‘பா நயம் பாராட்டுக’ நினைவிருக்கிறதா? மையக்கருத்து, எதுகை, மோனை, அணி என்று தலைப்புப் போட்டு அடுக்கினால் போதும், மதிப்பெண் விழுந்துவிடும். இங்கே ‘இதில் உருவகம் இருக்கிறது’ என்று எழுதினால், ‘சரி, இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் என்ன?’ என்று கேட்பார்கள். அந்த ‘அதனால் என்ன’வுக்குப் பதில் எழுதத்தான் ஓராண்டுப் பயிற்சி. நாளைக்கு அலுவலகத்தில் ஒரு வடிவமைப்பை இப்படித்தான் செய்ய வேண்டும் என்று பத்துப் பேரிடம் வாதாடும்போது அவள் செய்யப்போவதும் இதைத்தான்.

ஒருவேளை நடுவில் மனம் மாறி மருத்துவம் பக்கம் போனாலும், அங்கே சேர எழுத வேண்டிய எம்கேட் நுழைவுத் தேர்வில் 90 நிமிடத்தில் 53 வினாக்கள் கொண்ட ஒரு பகுதி முழுக்க மானுடவியல், கலை, சமூகம் சார்ந்த பத்திகளை வாசித்து விடையளிப்பதுதான். கடைசி மூன்று மாதத்தில் அந்த வாசிப்பைக் கற்றுக்கொள்வது கஷ்டம்.

கல்லூரி கிரெடிட் பற்றி: ஏபி தேர்வில் ஐந்துக்கு 4 அல்லது 5 வாங்கினால் சில கல்லூரிகள் முதலாண்டு ஆங்கிலப் பாடத்தில் விலக்கு தரும், சில தராது. அவள் விண்ணப்பிக்கும் கல்லூரிகளின் இணையதளத்திலேயே பார்த்துவிடுங்கள். அண்டை வீட்டார் சொல்வதை நம்ப வேண்டாம்.

நான் கவலைப்படுவது நேரத்தைப் பற்றி. கால்குலஸ் பிசி, பிசிக்ஸ் சி, கணினி என்று ஏற்கெனவே மூன்று ஏபி இருந்தால் இது நான்காவது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கல்லூரி விண்ணப்பக் கட்டுரைகளும் கழுத்தைப் பிடிக்கும். நாவல் வாசிப்பைக் கணக்குப் போல வார இறுதியில் உட்கார்ந்து முடித்துவிட முடியாது. தினம் முப்பது, நாற்பது பக்கம் ஓட வேண்டும். அதனால் வேறொன்றை விடச் சொல்லுங்கள். எதை விடுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

அப்புறம், இருபது நூல்களை மேலோட்டமாகப் படிப்பதைவிட நாலைந்தை இரண்டு முறை படிப்பது மேல். ஒவ்வொன்றுக்கும் சொந்த வார்த்தையில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைத்தால் மூன்றாவது கட்டுரைக்குப் பயமில்லை. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ அவளுக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிறது. 1818இல் வெளிவந்த அந்த நாவலை எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு வயது 18. ‘ஹாம்லெட்’டைத் தனியாக வாசித்தால் தலை சுற்றும், மேடையேற்றத்தின் பதிவு ஏதாவது கிடைத்தால் முதலில் அதைப் பார்க்கட்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். கோடை விடுமுறையில் ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தை அவளோடு சேர்ந்து வாசியுங்கள். இரண்டே அங்கம்தான், ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும். மகன் பெரிய ஆளாக வருவான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற ஓர் அப்பாவின் கதை. மகன் கணக்கில் பெயிலானவன். படித்து முடித்ததும் நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள், அவளைப் பேசவிடுங்கள்.