நூலா, மினி லிஃப்டா, டீப் பிளேனா? முகத்தொய்வுக்கு எந்த அறுவை சிகிச்சை?

திருச்சியைச் சேர்ந்த 54 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வங்கி அதிகாரியான அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிய வந்த பிறகு, உணவையும் நடைப்பயிற்சியையும் ஒழுங்குபடுத்தியதில் ஒன்றரை ஆண்டில் 20 கிலோ எடை குறைந்திருக்கிறது. உடல்நலம் தேறிவிட்டது, ஆனால் கன்னம் ஒட்டிப்போய், தாடையின் இரு பக்கமும் சதை தொங்கி, கழுத்தில் இரண்டு நரம்புகள் போலப் புடைத்துத் தெரிவது அவரை வருத்துகிறது. அழகுசிகிச்சை மையம் ஒன்று நூல் போட்டு இழுத்துவிடலாம் என்றது. ஓர் அறுவை மருத்துவர், முகத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, தொய்ந்த சதையைத் தூக்கும் சிறிய அறுவை சிகிச்சையான மினி லிஃப்ட் செய்யலாம் என்றார். இன்னொருவர், தோலுக்கடியில் இன்னும் ஆழமாகப் போய்ச் செய்யும் டீப் பிளேன் லிஃப்ட்தான் சரி என்றார். மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது, 10 நாள் விடுப்பு போதுமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரிக்கும் நிலைக்கு நூல் பயன்படாது. மினி லிஃப்ட் தாடையை ஓரளவு சீராக்கினாலும் கழுத்தை அப்படியே விட்டுவிடும். கழுத்தையும் சேர்த்துச் சரிசெய்யும் முழுமையான ஃபேஸ்லிஃப்ட்தான் உங்களுக்குப் பொருந்தும். அதை டீப் பிளேன் முறையில் செய்வதா, தோலுக்கு அடியில் இருக்கும் ஸ்மாஸ் என்னும் நார்ப்படலத்தை மடித்துத் தைக்கும் முறையில் செய்வதா என்பது அடுத்த நிலைக் கேள்வி. அதில் முறையின் பெயரைவிட, அந்த முறையில் உங்கள் மருத்துவருக்கு இருக்கும் பழக்கமே பெரிது. நேரில் பார்க்காமல் இதற்கு மேல் உறுதியாகச் சொல்வது முறையன்று. ஆனால் இந்த முடிவுக்கு எப்படி வருகிறோம் என்பதை நீங்களே கண்ணாடி முன் சோதித்துப் பார்க்கலாம்.

நல்ல வெளிச்சத்தில் அமர்ந்து, காதுக்கு முன்னால் இரண்டு விரல்களை வைத்துத் தோலை மெதுவாக மேல்நோக்கி நகர்த்துங்கள். தாடையோரத் தொங்கல் மறைந்து கழுத்தும் சீராகிவிட்டால் சிறிய அறுவை சிகிச்சைக்கே வாய்ப்பு உண்டு. தாடை சரியாகியும் கழுத்தின் நடுப்பகுதி அசையாமல் நின்றால், காதோரம் எவ்வளவு இழுத்தாலும் அந்தக் கழுத்து சரியாகப் போவதில்லை என்று பொருள். அடுத்து, கீழ்வரிசைப் பற்கள் தெரியும்படி ‘ஈ’ என்று அழுத்திச் சொல்லுங்கள். கழுத்தில் நீளவாக்கில் இரண்டு கயிறுகள் எழும்பும். அவை நரம்புகள் அல்ல. பிளாட்டிஸ்மா என்னும் மெல்லிய கழுத்துத் தசையின் உள்விளிம்புகள். அதே நிலையில் மோவாய்க்குக் கீழே கிள்ளிப் பாருங்கள். கையில் சதை அகப்பட்டால் கொழுப்பு தசைக்கு மேலே இருக்கிறது. கையில் ஒன்றும் அகப்படாமல், தசையைத் தளர்த்தியதும் அந்த இடம் மீண்டும் பருத்துத் தெரிந்தால் கொழுப்பு தசைக்கு அடியில் இருக்கிறது. வெறும் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை அதை எட்டாது.

முகம் தொய்வது தோலில் மட்டும் நடப்பதில்லை. தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில், முகபாவங்களை உண்டாக்கும் தசைகளோடு இணைந்த நார்ப்படலம் ஒன்று கன்னத்தில் தொடங்கிக் கழுத்துத் தசை வரை தொடர்கிறது. 1976-இல் பிரான்சைச் சேர்ந்த மிட்ஸ், பெய்ரோனி ஆகிய இருவரும் அதைத் தெளிவாக வரையறுத்து எழுதினார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ஸ்மாஸ் என்கிறோம். அதற்கு முன்பு பல பத்தாண்டுகளாகத் தோலை மட்டும் உரித்து, இழுத்து, மிஞ்சியதை வெட்டித் தைத்துவந்தார்கள். பாவாடை நாடா தளர்ந்திருக்கும்போது சேலைக் கொசுவத்தை மட்டும் எத்தனை முறை இழுத்துச் செருகினாலும் நிற்காது அல்லவா, அதைப் போன்றதுதான் அது. தோல் நீளும் தன்மை உடையது. பாரத்தைத் தாங்குவதற்காக அமைந்ததன்று. பாரத்தைத் தோலின் மீது ஏற்றினால் தழும்பு அகலமாகும், காதுமடலின் நுனி கீழே இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டியது போலாகும், சில மாதங்களில் தொய்வும் திரும்பிவிடும். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும், ‘பாரத்தைத் தாங்கப் போவது தோலா, அடியிலிருக்கும் படலமா?’ என்று கேளுங்கள்.

நூலைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. முட்கள் போன்ற கொக்கிகளுடன் கூடிய, உடலில் கரைந்துவிடும் நூலைத் தோலுக்கு அடியில் செலுத்திச் சதையை மேலே மாட்டிவைப்பதுதான் அந்தச் சிகிச்சை. மிஞ்சிய தோல் அங்கேயேதான் இருக்கும். தொய்வு மிகக் குறைவாக உள்ளவர்களுக்குச் சில மாதங்கள் நல்ல மாற்றம் தெரியலாம். 20 கிலோ குறைந்த முகத்தில் தோல் சுருண்டு, நூல் போன வழியே பள்ளம் விழுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். வெப்பத்தால் தோலை இறுக்கும் கருவிகளையும் இங்கே எச்சரிக்கையோடு அணுக வேண்டும். ஏற்கெனவே கொழுப்பு வற்றிய கன்னத்தில் எஞ்சியிருப்பதையும் அவை கரைத்துவிடக்கூடும்.

மினி லிஃப்ட் என்பது ஒரே அறுவை சிகிச்சையின் பெயர் அன்று. காதுக்கு முன்னால் மட்டும் கீறி, குறைந்த அளவு தோலைப் பிரித்துச் செய்யும் பலவற்றுக்கும் இந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள். விளம்பரங்களில் வரும் கவர்ச்சியான பெயர்கள் பலவும் இதன் கிளைகளே. இவற்றுள் மதிப்போடு பேசப்படுவது, பெல்ஜியத்தின் கென்ட் நகரைச் சேர்ந்த டோனார்ட், வெர்பேல் இருவரும் 2002-இல் வெளியிட்ட மேக்ஸ் லிஃப்ட். சுருக்குப்பை வாயைக் கட்டும் வகையான தையல்களால் ஸ்மாஸ் படலத்தைத் திரட்டி, பக்கவாட்டில் இழுக்காமல் ஏறத்தாழ நேர்மேலே தூக்கி நிறுத்துவது இதன் சிறப்பு. நாற்பதுகளின் நடுவில், தாடைக்கோடு சற்றே கலைந்து, கழுத்து இன்னும் உறுதியாக இருப்பவருக்கு இது சிறந்த தேர்வு. உங்களிடம் இதைப் பரிந்துரைத்தவர் தவறான சிகிச்சையைச் சொல்லவில்லை. கழுத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே என் கருத்து. தாடை இறுகிக் கழுத்து மட்டும் தளர்ந்து நின்றால், முன்பு கண்ணில் படாத வேறுபாடு பின்பு பட்டவர்த்தனமாகத் தெரியும்.

இப்போது முக்கியமான ஒப்பீட்டுக்கு வருவோம். ஸ்மாஸ் மடிப்பு முறையில், தோலைத் தனியாகப் பிரித்த பிறகு, படலத்தை மடித்துத் தைப்பார்கள், அல்லது அதிலிருந்து ஒரு பட்டையை வெட்டியெடுத்துவிட்டு விளிம்புகளைச் சேர்ப்பார்கள். டீப் பிளேன் முறையோ, 1974-இல் சுவீடனின் ஸ்கூக் காட்டிய வழியை விரிவாக்கி, அமெரிக்க மருத்துவர் சாம் ஹாம்ரா 1990-இல் வெளியிட்டது. இதில் தோலையும் படலத்தையும் பிரிக்காமல், படலத்துக்கு அடியில் புகுந்து, கன்ன எலும்போடும் மெல்லும் தசையோடும் அதைக் கட்டிவைத்திருக்கும் நார்களை விடுவித்து, எல்லாவற்றையும் ஒரே மடலாகத் தூக்குகிறார்கள். நடுக்கன்னம் நன்றாக நகரும். தோலின் மீது இழுவிசை விழாது. மடல் தடிமனாக இருப்பதால் அதற்கு இரத்தம் செல்லும் வழியும் கெடாது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு இந்தக் கடைசிக் காரணம் கவனிக்கத்தக்கது. மறுபக்கம், அறுவை சிகிச்சை நீளும். முகத்தசைகளை இயக்கும் நரம்பின் கிளைகள் அந்தப் படலத்துக்குக் கீழேதான் ஓடுகின்றன என்பதால் மருத்துவரின் கத்தி அவற்றை நெருங்கிச் செல்லும்.

நரம்பைப் பற்றிய அச்சம் இயல்பானது, ஆனால் அதைச் சரியான அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த முறையில் செய்தாலும் மிகுதியாகக் காயப்படுவது முகத்தை அசைக்கும் நரம்பு அன்று. காதுமடலுக்கு உணர்ச்சி தரும் நரம்புதான். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது போன்ற தளர்ச்சி ஏற்பட்டாலும், பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது மீண்டுவிடுகிறது. நிரந்தரமாக நின்றுவிடுவது அரிது என்றாலும், அப்படி ஒன்று உண்டு என்பதை உங்களிடம் மறைக்காமல் சொல்லும் மருத்துவரையே நம்புங்கள்.

டீப் பிளேன்தான் உயர்ந்தது, மற்றவையெல்லாம் பழையவை என்று இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. இந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. 1990-களின் நடுவில் அமெரிக்காவில், உருவொத்த இரட்டையர் இரு இணைகளுக்கு, ஹாம்ரா உட்பட நான்கு புகழ்பெற்ற மருத்துவர்கள் ஆளுக்கொருவராக, தத்தம் முறையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஓராண்டு, ஆறாண்டு, பத்தாண்டு கழித்து எடுத்த படங்கள் 2009-இல் வெளியாயின. நான்கு பேரை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆயினும் ஒரே ஒரு முறைதான் வென்றது என்று விரல் நீட்டிச் சொல்லும்படியான வேறுபாடு அவற்றில் இல்லை. தன் முறையில் தேர்ந்த கை நல்ல பலனைத் தருகிறது. பத்தாண்டாக ஸ்மாஸ் மடிப்பில் ஊறிய ஒருவர், கேட்பவர் விரும்புகிறார் என்பதற்காக டீப் பிளேன் செய்ய முற்படுவது உங்களுக்கு நல்லதன்று.

கழுத்துக்குத் தனியே ஒரு வேலை தேவைப்படும். மோவாய்க்கு அடியில் சிறிய கீறல் போட்டு, விலகிய பிளாட்டிஸ்மா விளிம்புகளை நடுவில் சேர்த்துத் தைப்பார்கள். இரண்டாவது மருத்துவர் சொன்ன திட்டத்தில் இது அடங்கியிருக்கிறதா, அடங்கினால் கட்டணத்தில் சேர்ந்ததா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அதைப் போலவே ஒட்டிய கன்னத்தைப் பற்றியும் கேளுங்கள். எந்த லிஃப்டும் தொய்ந்ததைத் தூக்குமே அன்றி, வற்றியதை நிரப்பாது. எடை குறைந்த முகத்தை இழுக்க மட்டும் செய்தால் எலும்பு துருத்தி, நோயிலிருந்து எழுந்தவர் போன்ற தோற்றம் வந்துவிடும். வயிற்றிலோ தொடையிலோ எடுத்த கொழுப்பைக் கன்னத்தில் சேர்ப்பது பல நேரங்களில் இதே அமர்வில் செய்யப்படுகிறது. அதில் ஒரு பகுதி கரைந்துவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மேல் இமைத் தொய்வு, உதட்டைச் சுற்றிய மெல்லிய கோடுகள், தோலின் கருமைத்திட்டுகள் ஆகியவை எந்த ஃபேஸ்லிஃப்டாலும் மாறா.

நாள் குறிப்பதற்கு முன் உங்கள் உடல்நிலையில் சிலவற்றை உறுதிசெய்ய வேண்டும். எடை ஆறு மாதமாவது நிலையாக இருக்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 7-ஐ ஒட்டி இருப்பது நல்லது. சர்க்கரைக்காக டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுத்துக்கொள்பவராக இருந்தால், அதை அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். சர்க்கரை அளவு இயல்பாகத் தெரியும்போதே இரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து அதில் உண்டு. எடை குறைக்கும் வார ஊசி போடுபவராக இருந்தால், இரைப்பை மெதுவாகக் காலியாகும் என்பதால், மயக்க மருந்து நிபுணரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆஸ்பிரின், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை ஆகியவை இரத்தக்கசிவைக் கூட்டும். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் இதய மருத்துவரைக் கேளாமல் தாமாக நிறுத்தவே கூடாது.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச்., டி.என்.பி. அல்லது டிஆர்.என்.பி. பட்டம் இருக்கிறதா, மருத்துவக் கவுன்சில் பதிவில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நம் நிறத்தோல் உடையவர்களின் படங்களை, அறுவைக்கு ஓராண்டுக்குப் பிந்தியவையாக, காதின் முன்புறமும் பின்புறமும் தெரியும்படி காட்டச் சொல்லுங்கள். நம் தோலில் கீறிய இடம் கறுப்பதும் தடிப்பதும் சற்று மிகுதி. காது குத்திய இடத்திலோ அம்மை குத்திய இடத்திலோ தழும்பு தடித்து வளர்ந்திருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். கனமான தோடும் ஜிமிக்கியும் அணிந்து காதுத்துளை நீண்டிருந்தால் அதைச் சரிசெய்வதையும் திட்டத்தில் சேர்க்கலாம். அழகுக்கான அறுவை சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்காது என்பதால், சிக்கல் ஏற்பட்டு மீண்டும் அரங்குக்குள் போக நேர்ந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் கேட்டுவிடுவது நல்லது.

பத்து நாள் விடுப்பு போதாது. காதுக்கு முன்னுள்ள தையல்களை ஒரு வாரத்துக்குள் பிரித்துவிடுவார்கள் என்றாலும், கன்றிப்போன நிறம் மறைய இரண்டு வாரம் ஆகும். வாடிக்கையாளர்களை நேரில் பார்க்கும் வேலை என்பதால் மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முகம் அதன் இறுதி வடிவத்துக்கு வர மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். காதுமடல் மரத்திருக்கும் வாரங்களில் தோடு திருகுவதும், முடி உலர்த்தும் சூடான கருவியைக் காதருகே பிடிப்பதும் வேண்டாம்; சுட்டாலும் தெரியாது. அறுவை சிகிச்சை சென்னையிலோ கோவையிலோ நடந்தால் அன்றிரவு மருத்துவமனையிலேயே தங்குங்கள். முதல் வாரம் அந்த ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள். ஃபேஸ்லிஃப்டில் மிகுதியாக வரும் சிக்கல் தோலுக்கடியில் இரத்தம் கட்டுவது. அது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில், இரத்த அழுத்தம் ஏறும்போது நிகழ்கிறது. இரு பக்கமும் ஒரே அளவில் வீங்குவது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று இறுகி, வலித்து, வீக்கம் கூடிக்கொண்டே போனால், நள்ளிரவானாலும் காலை வரை காத்திருக்காமல் மருத்துவரை உடனே அழையுங்கள். கட்டிய இரத்தத்தை விரைந்து வெளியேற்றினால் தோலைக் காப்பாற்றிவிடலாம்.