பிஸ்டல் இறால் வளர்க்கும் பவளத் தொட்டிக்கு எந்த மணல்?

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் பிஸ்டல் இறாலையும் அதன் கூட்டாளியான கோபி மீனையும் விடப் போகிறேன், அடியில் என்ன போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அரகோனைட் மணல் வாங்குங்கள். அது கால்சியம் கார்பனேட், பவளத்தின் எலும்புக்கூடும் அதே பொருள்தான். ஆனால் உங்களுக்கு அதைவிட முக்கியம் மணலின் பருமன். மாவு போன்ற மணல் மட்டும் இருந்தால் இறால் தோண்டும் வளை நிற்காமல் சரிந்துவிடும். 1 முதல் 2 மில்லிமீட்டர் மணலோடு பவளத் துண்டுகளும் சின்னச் சிப்பி ஓடுகளும் கலந்து, 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போடுங்கள். அந்தத் துண்டுகளைப் பொறுக்கித்தான் இறால் தன் வளைக்கு முட்டுக் கொடுக்கும். பார்வை மங்கலான அது, ஓர் உணர்கொம்பைக் கோபியின் மேல் வைத்தபடியே மணலை வெளியே தள்ளும். அவ்வளவு அழகான காட்சி அது!

ஒன்றை மறக்காதீர்கள்: முதலில் பாறைகளை அடிக் கண்ணாடியிலேயே அசையாமல் உட்கார வையுங்கள், அப்புறம்தான் மணல். மணல்மேல் பாறை வைத்தால், இறால் அடியில் தோண்டத் தோண்ட அது சரிந்து இறாலையே நசுக்கிவிடும்.

மணலில் புதைந்து வாழும் நசாரியஸ் நத்தைகளுக்கும் இந்தக் கலவை சரிதான். வெறும் பவள நொறுக்கு மட்டும் வேண்டாம். அதில் அவற்றால் எளிதாகப் புதைய முடியாது, இடுக்குகளில் அழுக்கும் தங்கும்.

மணல் சலிக்கும் நட்சத்திர மீனைச் சிறிய தொட்டியில் விடவே விடாதீர்கள். மணலிலுள்ள சிற்றுயிர்களைத் தின்று தீர்த்துவிட்டுப் பட்டினியால் செத்துப்போகும்.