மூன்று படம், ஒரு பெட்டி: வாங்கலாமா?

கேள்வி: ஹாங்காங் படக் கம்பெனி ஷா பிரதர்ஸின் ‘ஒன் ஆர்ம்டு ஸ்வோர்ட்ஸ்மேன்’ படங்கள் மூன்றும் சேர்ந்த டிவிடி பெட்டி, ஹாங்காங் பதிப்பு, ஆன்லைனில் ஒருவர் விற்கிறார். முதல் படம் பார்த்திருக்கிறேன். முழுக் கதையும் தெரிய மூன்றையும் வாங்க வேண்டுமா?

பதில்: கதைக்காக என்றால் வேண்டாம். 1967-இல் சாங் செ எடுத்த முதல் படம் தன்னளவில் முழுமையானது. குருவின் மகள் கோபத்தில் வலது கையை வெட்டிவிட, பாதி எரிந்துபோன சுவடியையும் அப்பாவின் உடைந்த வாளையும் வைத்து இடது கையால் பழகுகிறான் நாயகன் (ஜிம்மி வாங் யூ). எதிரிகளிடம் வாளைக் கவ்விப் பிடிக்கும் ஒரு கருவி இருக்கிறது, உடைந்து குட்டையான அந்த வாளிடம் அது பலிக்காது, அந்தக் காட்சிக்காகவே டிஸ்க் வாங்கலாம். 1969-இல் வந்த இரண்டாம் பாகத்திலும் அதே நாயகன்தான், ஆனால் விதவிதமான ஆயுதங்களோடு வில்லன்கள் வரிசையாக வந்து சாகிறார்களே தவிர பெரிதாகக் கதை இல்லை. 1971-இல் வந்த மூன்றாவது, பெயரில் மட்டும்தான் தொடர்ச்சி: டேவிட் சியாங் நடிக்கும் நாயகன் வேறு ஆள், தோற்றதும் தன் கையைத் தானே வெட்டிக்கொள்கிறான். எனக்கு இரண்டாவதைவிட இதுதான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

சரி, பெட்டிக்கு வருவோம். உலகை ரீஜன்களாக, அதாவது பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள், டிஸ்க்கின் ரீஜன் எண்ணும் பிளேயரின் எண்ணும் பொருந்தினால்தான் படம் ஓடும். ஹாங்காங் டிவிடி என்றால் பெரும்பாலும் ரீஜன் 3, இந்திய பிளேயர்கள் ரீஜன் 5. நானும் ஒருமுறை பார்க்காமல் வாங்கி, திரையில் ரீஜன் தவறு என்ற ஒற்றை வரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், பிரித்த டிஸ்க்கை விற்றவர் திரும்ப எடுக்கவே இல்லை. புளூ ரே என்றாலும் இதே பிரச்சினைதான், அவர்களுக்கு ரீஜன் ஏ, நமக்கு சி. எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் இருந்தால் கவலை இல்லை.

அப்புறம் அகலம். இவை 2.35:1 அளவில், அதாவது உயரத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல் அகலமாக எடுத்த படங்கள். பழைய டிவிக்காக 4:3-க்கு வெட்டிய பிரதியில் சண்டைக் காட்சியில் ஒருவர்தான் தெரிவார், எதிராளியின் வாள் நுனி மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். ஆனால் வாயசைவு பொருந்தவில்லை என்று டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அக்காலத்தில் அங்கே படமெடுத்துவிட்டுப் பிறகுதான் குரல் சேர்ப்பார்கள்.

விற்பவரிடம் பின் அட்டையின் போட்டோ கேளுங்கள். ரீஜன் எண்ணும் அகலமும் அதில் அச்சாகியிருக்கும். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.