ரோஸ் நிறம் மட்டும் போதாது: அசோஸ்பைரில்லமும் ஆக்சினும் – கேள்வி பதில்

வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற செடி ஹார்மோன், இண்டோல் அசிட்டிக் அமிலம். சுருக்கமாக ஐ.ஏ.ஏ. வேரோரம் வாழும் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியாவிடம் அதைக் கூடுதலாகப் பெறுவது பற்றி வந்த கேள்விகள் இவை.

அக்கா, நெல் வேரிலிருந்து எடுத்த அசோஸ்பைரில்லம். 24 மணி நேரத்தில் சால்கோவ்ஸ்கி (ஐ.ஏ.ஏ. இருந்தால் ரோஸ் நிறம் காட்டும் ரீஏஜென்ட்) போட்டால் லேசான ரோஸ்தான் வருது. – எம்.எஸ்சி. மாணவி

அவசரப்பட்டுட்டீங்க. அசோஸ்பைரில்லம் வளர்ச்சி ஓய்ந்த பிறகுதான் ஐ.ஏ.ஏ.வை அள்ளிக் கொட்டும். 96 மணி வரை தினமும் மாதிரி எடுங்க. டிரிப்டோபான் எவ்வளவு போட்டீங்கன்னு சொல்லவே இல்லையே? பாக்டீரியா ஐ.ஏ.ஏ. செய்ய அந்த அமினோ அமிலம்தான் மூலப்பொருள். லிட்டருக்கு 100, 500, 1000 மில்லிகிராம் என்று மூன்று குடுவையில் வைத்துப் பாருங்க.

டிரிப்டோபான் கரையவே மாட்டேங்குதே?

25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11 கிராம்தான் கரையும். வெதுவெதுப்பான நீரும் பொறுமையும் வேணும். ஆட்டோகிளேவில் ஏற்றாமல் 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டிச் சேருங்க.

ஒரே கல்ச்சர், ஒரே நாள். காலையில் ஒரு ரீடிங், மாலையில் வேறொன்று. ஏன் சார்?

சார் இல்லை, அக்கா! ட்யூப் ராக் எங்கே இருந்தது? நானும் ஆராய்ச்சியின் முதல் வருடம் இரண்டு வாரம் ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டு பாக்டீரியாவைத் திட்டினேன். ஐ.ஏ.ஏ.வுக்கு வெளிச்சம் ஆகாது. குடுவைக்கு அலுமினிய ஃபாயில் சுற்றுங்க. செல்களைச் சென்ட்ரிஃபியூஜில் இறக்கி, தெளிநீர் ஒரு பங்குக்கு ரீஏஜென்ட் இரண்டு பங்கு. 30 நிமிடம் இருட்டில். பிறகு 535 நானோமீட்டர் ஒளியில் நிறத்தின் அடர்வை அளங்க. எல்லா ட்யூபுக்கும் அதே நிமிடக் கணக்கு. பாக்டீரியா போடாத, டிரிப்டோபான் போட்ட மீடியாவும் அதே ஷேக்கரில் அத்தனை மணியும் சுற்றணும், அதுதான் பிளாங்க், அதாவது ஒப்பிட்டுக் கழிக்கும் மாதிரி. இந்த ரீஏஜென்ட், ஐ.ஏ.ஏ. உருவாகும் வழியில் வரும் இண்டோல் பைருவிக் அமிலத்தையும் சேர்த்தே காட்டும். அதனால் கடைசி எண்ணை எச்.பி.எல்.சி.யில் (சேர்மங்களைப் பிரித்துத் தனித்தனியாக அளக்கும் கருவி) உறுதி செய்யாமல் தீசிஸில் எழுதாதீங்க. ரீஏஜென்டில் இருக்கும் பெர்குளோரிக் அமிலம் சிந்தினால் டிஷ்யூ பேப்பரால் துடைக்கக் கூடாது, தீப்பிடிக்கலாம்.

கைடு ரெஸ்பான்ஸ் சர்ஃபேஸ் (பல காரணிகளைச் சேர்த்து மாற்றிப் பார்க்கும் புள்ளியியல் முறை) பண்ணச் சொல்றார். தேவையா?

பி.ஹெச்., டிரிப்டோபான், கார்பன் மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். தனித்தனியாக மாற்றினால் அது தெரியாது. ஆனால் பிளாங்க் ஆடாமல் நிற்கட்டும், அப்புறம் சாஃப்ட்வேரைத் திறங்க.

ஐ.ஏ.ஏ. அதிகம் வர்ற கல்ச்சர்தானே நாற்றுக்கு நல்லது? – விவசாயி

இல்லைங்க ஐயா. மிஞ்சினால் பக்கவேர் பெருகும், முதன்மை வேர் குட்டையாகிவிடும். கல்ச்சரைப் பத்து மடங்கு, நூறு மடங்கு தண்ணீர் கலந்து நீர்க்கவைத்து, முளைவிட்ட விதைகளில் ஊற்றி, அஞ்சாம் நாள் ஸ்கேலால் வேரை அளந்து பாருங்க. வெறும் தண்ணீர் ஊற்றிய விதைகளும் பக்கத்திலேயே இருக்கட்டும்.