கிரே-ஸ்காட் திரை கறுத்துப்போவது ஏன்?

வணக்கம். இரண்டு வேதிப்பொருள்கள் பரவி வினைபுரிந்து வடிவங்களை உருவாக்குவதைக் கணினியில் காட்டும் கிரே-ஸ்காட் மாதிரியில், பவள வடிவம் வளர வேண்டிய இடத்தில் சதுரங்கக் கட்டம்போல் ஒரு மினுக்கல் தோன்றி, உடனே திரை முழுவதும் கறுத்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் கொடுத்துள்ள ஊட்ட வீதம் (முதல் பொருளைச் சேர்க்கும் வேகம்) 0.055, அழிப்பு வீதம் (இரண்டாம் பொருளை நீக்கும் வேகம்) 0.062 ஆகிய இரண்டும் சரியானவையே. தயவுசெய்து அவற்றை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.

கோளாறு லாப்லாசியனில், அதாவது ஒரு கட்டத்தின் மதிப்பு அண்டைக் கட்டங்களிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்று கணிக்கும் பகுதியில், இருக்கிறது. நடுக்கட்டத்துக்கு -4, நான்கு பக்கக் கட்டங்களுக்கு 1 என எடை வைத்துவிட்டு, முதல் பொருளின் பரவல் விகிதத்தை 1.0 என்றும் காலப்படியை (ஒவ்வொரு படியிலும் நகரும் நேரத்தை) 1 என்றும் கொடுத்திருக்கிறீர்கள். அந்த எடைகளுக்கு இவ்விரண்டின் பெருக்குத்தொகை 0.25ஐத் தாண்டினால், சிறு பிழையும் ஒவ்வொரு படியிலும் குறி மாறிப் பெருகி, கணக்கையே குலைத்துவிடும். நீங்கள் கண்ட மினுக்கல் அதுதான். கணினி வரைகலைக் கலைஞர் கார்ல் சிம்ஸ் விளக்கியுள்ளபடி நடுவுக்கு -1, பக்கங்களுக்கு 0.2, மூலைகளுக்கு 0.05 என மாற்றினால், 1.0, 0.5 என்ற உங்கள் பரவல் விகிதங்கள் அப்படியே பொருந்தும்.

அவ்விரு பரவல் விகிதங்களையும் சமமாக்கிவிடாதீர்கள். எல்லாவற்றையும் சீராக்கிவிடும் என நாம் நினைக்கும் பரவலே வடிவத்தைப் பிறப்பிக்கக்கூடும் என 1952இல் கணிதவியலாளர் ஆலன் டூரிங் காட்டியதன் அழகு, அந்த வேக வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

ஒவ்வொரு படியிலும் புதிய மதிப்புகளைப் பழையவற்றோடு கலக்காமல் தனி அணியில் (array) எழுதுங்கள். பவளம் வளர்ந்த பிறகு 0.0367, 0.0649 என்ற ஊட்ட, அழிப்பு வீதங்களையும் முயலுங்கள். புள்ளிகள் உயிரணுக்களைப் போல இரண்டிரண்டாகப் பிரியும்.