தம்பியின் கையெழுத்து

கேள்வி: எனக்கு வயது 22. பதின்பருவத்தினருக்காக ஒரு டிஸ்டோபியா நாவல், அதாவது மக்களை ஒடுக்கும் ஒரு கற்பனை நாட்டின் கதை, எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த நாட்டில் ஒரு பெண்ணுக்கு 16 வயது ஆனதும் ஓர் ஆண் அவளுக்குக் காப்பாளர் ஆவார். நூலகத்தில் புத்தகம் எடுக்க, மருத்துவரைப் பார்க்க, ஊர் விட்டு ஊர் போக, எல்லாவற்றுக்கும் அவருடைய கையெழுத்து வேண்டும். என் நாயகி அதை எதிர்த்துப் புரட்சி செய்கிறாள். முதல் ஆறு அத்தியாயங்களைப் படித்த தோழி, "கதை மாதிரி இல்லை, மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது" என்றாள். ஒரு நண்பன், "ஆண்கள் எல்லாருமே கெட்டவர்களா?" என்று கேட்டான். பெண்ணியத்தைக் குறைத்துவிட்டுச் சாகசக் கதையாக மாற்றிவிடலாமா? அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள தோழி, மாற்ற வேண்டாம்.

ஆறு அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்தேன். உங்கள் தோழி சொன்னது சரிதான். ஆனால் அதற்குக் காரணம் பெண்ணியம் இல்லை. உங்கள் நாயகிக்கு முதல் பக்கத்திலேயே எல்லாம் தெரிந்திருக்கிறது.

அந்தச் சட்டத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள் அவள். காப்பாளர் கையெழுத்துப் போடும் அந்தப் புத்தகத்தை அம்மாவிடமும் பாட்டியிடமும் பார்த்தே வளர்ந்திருப்பாள். தனக்கு எப்போது கிடைக்கும் என்று ஏங்கியிருப்பாள். 16வது பிறந்தநாளில் அது கைக்கு வரும்போது, பெரியவளாகிவிட்டோம் என்று பூரித்துத்தான் போவாள். நீங்களோ அன்றைக்கே அவளை அதைக் கிழித்தெறிய வைக்கிறீர்கள். 22 வயதுக்குள் நீங்கள் படித்தும் பட்டும் தெரிந்துகொண்டதை அவள் வாயில் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் அவள் பேசும்போதெல்லாம் உங்கள் குரல் கேட்கிறது.

மூன்றாம் அத்தியாயத்தில், அப்பா இறந்த பிறகு 13 வயதுத் தம்பி அவளுக்குக் காப்பாளர் ஆகிறான் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அந்த இடத்தில் நெஞ்சை அடைத்தது. உங்கள் நாவல் அங்கேதான் இருக்கிறது! அவனுக்கு அ, ஆ எழுதச் சொல்லிக்கொடுத்தவளே அவளாக இருந்தால்? முதல் தடவை கையெழுத்துப் போடும்போது அவனுக்குக் கூச்சமாக இருக்கும், இரண்டு பேரும் சிரிப்பார்கள். அப்புறம் ஒருநாள், தன் வீட்டுப்பாடத்தை அவள் எழுதிக் கொடுத்தால்தான் போடுவேன் என்பான், விளையாட்டாக. இன்னொரு நாள், அவள் நல்லதுக்குத்தான் என்று மனதார நம்பி, போட மாட்டேன் என்பான். அவன் கெட்டவன் இல்லை, அக்காமேல் உயிரையே வைத்திருப்பவன். அப்படிப்பட்ட பையனை அந்தப் பேனா என்ன செய்கிறது என்று பொறுமையாக எழுதுங்கள். உங்கள் நண்பனின் கேள்விக்கு வேறு பதிலே தேவைப்படாது.

இப்படியெல்லாம் நடக்குமா என்று வாசகர்கள் கேட்பார்களோ என்ற பயத்தில், அந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் அணுப்போர், கிருமி என்று பத்துப் பக்கம் விளக்கியிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். பெண்களின் உரிமைகளைப் பறித்துவிட்ட ஒரு நாட்டைப் பற்றிய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) நாவலை எழுதும்போது எழுத்தாளர் மார்கரெட் அட்வுட், வரலாற்றில் எங்காவது ஏற்கெனவே நடக்காத எதையும் சேர்ப்பதில்லை என்று தனக்கொரு விதி வைத்துக்கொண்டார். உங்கள் கையெழுத்துச் சட்டமும் அந்த விதிக்கு உட்பட்டதுதான். பிரான்சில் 1965ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் மணமான பெண்கள் கணவரின் சம்மதம் இல்லாமல் வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் முடிந்தது. சவுதி அரேபியாவில் 21 வயதைக் கடந்த பெண்கள் ஆண் காப்பாளரின் அனுமதியின்றிப் பாஸ்போர்ட் பெற முடிந்தது 2019-ல்தான். இதற்கெல்லாம் போர் தேவைப்படவில்லை. ஒரு படிவமும் அதில் ஒரு கட்டமும் போதுமாக இருந்தன.

உங்கள் கதையில் வரும் பெண் அதிகாரியையும் மறுபடி எழுத வேண்டும். இப்போது அவர் வெறும் கொடுமைக்காரி. அட்வுட்டின் நாவலில் பெண்களைப் பழக்கி அடக்குபவர்களும் பெண்கள்தான். உங்களை நாங்கள் காப்பாற்றுகிறோம் என்றுதான் அவர்கள் சொல்வார்கள். உங்கள் அதிகாரியிடமும் ஒரு கையெழுத்துப் புத்தகம் இருக்க வேண்டுமே, அதில் கையெழுத்துப் போடுபவர் யார்?

சரி, புரட்சி? இவ்வளவு சீக்கிரம் வேண்டாம். 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) நாவலின் நாயகி காட்னிஸ் அரசைக் கவிழ்க்கக் கிளம்பியவள் இல்லை. சாகும்வரை மோத வேண்டிய ஒரு போட்டிக்கான குலுக்கலில் தங்கையின் பெயர் வந்தது, அவளுக்குப் பதிலாகத் தான் போகிறேன் என்றாள், அவ்வளவுதான். உங்கள் நாயகிக்கும் அந்த அளவில் ஒன்று போதும்: ஒரு தேர்வு, ஒரு பேருந்துப் பயணம், தம்பி கையெழுத்துப் போட மறுத்த ஒரு புத்தகம். நாயகியின் காதலர்கள் இருவரில் ஒருவரை நீக்கிவிடுங்கள், இரண்டு பேரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள்.

முதலில் அந்தப் பிறந்தநாளை மட்டும் புதிதாக எழுதுங்கள். அப்பா உயிரோடு இருக்கிறார். ஆசையாக முதல் கையெழுத்தைப் போடுகிறார். தம்பி பக்கத்தில் நின்று அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.