மெயிலை மாற்றினோம், ஆர்டரைக் காணோம்!

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டு விற்கிறோம். இணையதளம் பழைய ஹோஸ்டிங்கிலேயே இருக்கிறது. மெயிலை மட்டும் கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு மாற்றினோம். மற்றவர்கள் அனுப்பும் மெயில் வருகிறது. தளத்தின் ஆர்டர் படிவத்திலிருந்து வர வேண்டியது மட்டும் வரவில்லை. தென்காசி, தூத்துக்குடி கடைகளுக்கு நாங்கள் அனுப்பும் விலைப்பட்டியலும் ஸ்பாமில் கிடக்கிறதாம். எங்கள் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு தப்பா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: வெளி மெயில் வருவதால் எம்எக்ஸ் சரி, அதில் கை வைக்காதீர்கள். நீங்கள் வீடு மாறியது ஊருக்கே தெரியும், பழைய வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியாது. உங்கள் டொமைனின் மெயில் இன்னும் தன்னிடமே இருப்பதாக ஹோஸ்டிங் சர்வர் நினைக்கிறது. அதனால் படிவம் அனுப்பும் மெயிலுக்கு எம்எக்ஸைத் தேடாமல், தன் பழைய பெட்டியிலேயே போட்டுக்கொள்கிறது. பழைய வெப்மெயிலைத் திறந்து பாருங்கள், பெட்டியை நீக்காமல் விட்டிருந்தால் ஆர்டர்கள் அங்கேதான் இருக்கும். ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சிபேனலில் 'ஈமெயில் ரூட்டிங்' போய், 'லோக்கல்' என்பதை 'ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்' என மாற்றுங்கள்.

படிவத்தில் இன்னொன்று: அனுப்புநராக வாடிக்கையாளரின் ஜிமெயில் முகவரியைப் போடக் கூடாது. உங்கள் டொமைன் முகவரியே இருக்கட்டும். அவருடையது, பதில் போக வேண்டிய முகவரியான 'ரிப்ளை-டு'வில் போகட்டும்.

ஸ்பாமுக்குப் பெரும்பாலும் காரணம் எஸ்பிஎஃப். உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று, டொமைனின் முகவரிப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் சொல்லும் பதிவு அது. ஹோஸ்டிங் தானாக ஒன்று போட்டிருக்கும், கூகுளுக்காக நீங்கள் இன்னொன்று சேர்த்திருப்பீர்கள். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ஒன்றுதான். இரண்டு இருந்தால் சோதனையே பிழையில் முடியும், இரண்டும் செல்லாது. இரண்டின் 'இன்க்ளூட்', ஐபி பகுதிகளையும் ஒரே டெக்ஸ்ட் பதிவில் சேர்த்து, 'ஆல்' என்பதைக் கடைசியில் ஒரே ஒரு முறை வையுங்கள். அதைப் படிக்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டக் கூடாது.

அடுத்தது டிகிம், அதாவது மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம். கூகுள் அட்மின் பக்கத்தில் 2048 பிட் சாவி உருவாக்கி டெக்ஸ்ட் பதிவாக ஒட்டுங்கள். சில பேனல்கள் டொமைன் பெயரைத் தாமே ஒட்டிக்கொள்ளும்; நீங்களும் முழுப் பெயரைத் தட்டினால் அது இரட்டிக்கும், சாவி யார் கண்ணிலும் படாது. பதிவு ஏறிய பிறகு 'ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்' அழுத்தினால்தான் கையொப்பம் தொடங்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். இந்தச் சோதனைகளில் தோற்கும் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கை முதலில் 'நன்' (எதுவும் செய்ய வேண்டாம்) என்றே வையுங்கள்.

சோதிக்க ஒரு ஜிமெயிலுக்கு அனுப்பி, அங்கே 'ஷோ ஒரிஜினல்' திறங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் 'பாஸ்' வர வேண்டும்.

கேள்வி: பாய் வியாபாரத்துக்கு டொமைன் வாங்கிய இடத்திலேயே எம்எக்ஸ் போட்டேன். மூன்று நாளாகியும் மாறவில்லையே?
– வாசகர், பத்தமடை

பதில்: உங்கள் நேம்சர்வர் (டொமைனின் பதிவுகள் எங்கே இருக்கின்றன என்பதைக் குறிப்பது) எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். ஹோஸ்டிங்கைக் காட்டினால் அங்கே போடும் பதிவுதான் செல்லும். டொமைன் விற்றவரிடம் போட்டதை யாரும் படிப்பதில்லை. சரியான இடத்தில் மாற்றுவதற்கு முதல் நாளே, பதிவை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல்லை 300 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். பழைய எம்எக்ஸ் வரிகளை நீக்க வேண்டும், ஒன்று மிஞ்சினாலும் சில மெயில் அங்கே போய்விடும். பழைய பெட்டியை இரண்டொரு வாரம் மூடாமல் வைத்திருங்கள்.